பெட்டிக்குள் போன அசல்

எங்கள் கோயிலில் கடவுளுக்கு மனுப் போட ஒரு பெட்டி வைக்கலாம் என்று புதிதாக வந்த பங்குத்தந்தை சொன்னபோது, பேரவைக் கூட்டத்தில் அதை எதிர்த்த ஒரே ஆள் நான். காரணம் கேட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் மனுக்களோடு குடித்தனம் நடத்தியவன், பெட்டிக்குள் விழுகிற காகிதத்துக்கு என்ன கதி நேரும் என்று எனக்குத் தெரியும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வருவாய்த் துறையில் உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். காரைக்குடியில் சொந்த வீடு. ஓய்வு பெற்ற மறு மாதமே என்னைப் பங்குப் பேரவையின் செயலாளராக்கினார்கள். என் பக்தியைப் பார்த்து அல்ல. அது பார்க்கும்படியாக இருந்ததில்லை. தீர்மானம் எழுதவும், கூட்டக் குறிப்பு எழுதவும், மின்வாரியத்துக்குக் கடிதம் எழுதவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. பரலோகத்துக்குப் போகிற வழியிலும் எழுத்தர் வேலைக்கு ஆள் பற்றாக்குறை இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

டிசம்பர் வந்தால் எங்கள் மக்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. காரைக்குடியில் அந்த மாதம் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். வெண்பனி மட்டும் ஒருநாளும் கொட்டியதில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் குடிலின் கூரைமேல் ஆண்டுதோறும் மருந்துக்கடைப் பஞ்சு மூன்று பொட்டலம் பிரித்துப் போடப்படுகிறது. சிவப்புக் கம்பளி உடுப்பும் பஞ்சுத் தாடியுமாக ஒருவர் வியர்த்து ஒழுகிக்கொண்டு மிட்டாய் கொடுக்கிறார். சுவரெல்லாம் சுகமளிக்கும் கூட்டத்துச் சுவரொட்டிகள். அவற்றில் நோய்களின் பெயரை இரண்டு வரிசையாக, உணவகப் பலகையில் இட்லி தோசை எழுதுவதைப் போல எழுதியிருப்பார்கள். சர்க்கரை, கட்டி, மூட்டுவலி, தீராத வயிற்றுவலி, பில்லி சூனியம். எல்லாம் கிடைக்கும், எல்லாம் தீரும், அனுமதி இலவசம்.

எங்கள் பங்குத்தந்தை அந்த வகை அல்ல. படித்த இளைஞர், மெதுவாகப் பேசுவார். ஆனால் அவரும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, இது குணமாகும் காலம் என்று பிரசங்கம் செய்தார். எது யாருக்கு எப்போது குணமாகும் என்று கால வரையறை எதுவும் சொல்லவில்லை. உத்தரவாதம் தருகிறவர்கள் எப்போதும் அந்தப் பத்தியை விட்டுவிடுவார்கள்.

பெட்டியைப் பற்றி அவருடைய யோசனை எளிமையானது. மக்கள் மனத்தில் இருப்பதை எழுதிப் போடட்டும், கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் குடிலுக்கு முன்னால் வைத்து எரித்துவிடலாம், சாம்பிராணிப் புகை மாதிரி மேலே போகட்டும் என்றார். எதிர்ப்பு எடுபடாது என்று தெரிந்ததும் நான் அடுத்த வேலையைச் செய்தேன். விதி எழுதினேன். பெட்டி பூட்டப்பட வேண்டும். சாவி செயலாளரிடம் இருக்க வேண்டும். பூட்டின் மேல் காகிதம் ஒட்டி, கையெழுத்திட்டு, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். யாரும் படிக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் காலைக்கு முன் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. 'எக்காரணம் கொண்டும்' என்பதை அடிக்கோடிட்டேன். எங்கள் பங்கு மக்களை எனக்குத் தெரியும். பூட்டில்லாவிட்டால் மூன்றாம் நாள் யார் மகளுக்கு வரன் தகையவில்லை என்பது முதல் யார் வீட்டில் குடி என்பது வரை ஊருக்கே தெரிந்திருக்கும்.

பெட்டிக்கு மேலே ஒட்ட ஒரு அறிவிப்பும் எழுதினேன். 'விண்ணப்பதாரர்கள் தங்கள் விண்ணப்பத்தைத் தெளிவாக எழுதி, உரிய விவரங்களுடன் பெட்டியில் இட வேண்டும்.' கீழே என் கையெழுத்து, செயலாளர். பங்குத்தந்தை படித்துப் பார்த்து, உரிய விவரங்கள் என்றால் என்ன, கடவுளுக்குத் தெரியாத விவரமா என்று கேட்டார். அறிவிப்பு என்றால் அந்த வரி இருக்கும் என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார். அந்த வரி என்ன செய்யப் போகிறது என்று இருவருக்குமே தெரியாது.

பெட்டியைக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். இந்த ஆண்டுக் குடிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பொருள் வியாபாரம் செய்யும் எங்கள் பங்குக்காரர் ஒருவர், கொத்தமங்கலத்தில் இடித்த ஒரு பெரிய வீட்டின் நிலைக்கதவு மேல்சட்டத்தைக் கொண்டுவந்து, குடிலுக்கு வாசலாக வைத்துக் கொடுத்தார். பர்மாத் தேக்கு, அருமையான வேலைப்பாடு. நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் யானை. பேரவை அவசரமாகக் கூடியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடமுள்ள கொட்டிலில் யானைக்கு இடம் இல்லையா என்று ஒருவர் கேட்டதால் யானைகள் தப்பின. லட்சுமியைப் பொன்னிறக் காகித நட்சத்திரத்தால் மறைத்தோம். நட்சத்திரம் சிறியது. முழங்கை இரண்டும் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தன.

என் மனைவி முதல் நாளே மனுப் போட்டுவிட்டாள். பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. பெட்டி விஷயத்தில் பங்குத்தந்தைக்கு வலதுகை. தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி, எட்டாக மடித்துப் போட்டதைப் பார்த்தேன். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஒன்றும் போடவில்லையா என்று அவள் கேட்டாள். எனக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருக்கதெல்லாம் நிலுவைதான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பிற்பகல் நான்கு மணி வாக்கில், வாசல் கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அழைப்புமணியை அழுத்தவில்லை. நான் தற்செயலாக எட்டிப் பார்த்திருக்காவிட்டால் இருட்டும்வரை நின்றிருப்பார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சாக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் தலையாரியாக இருந்தவர். கிராம உதவியாளர் என்பது பின்னால் வந்த பெயர். என்னிடம் பல ஆண்டு வேலை பார்த்தவர். கொஞ்சம் நிலம் உண்டு, இப்போது விவசாயம்தான். அம்மன் கோயில் கும்பிடுகிற குடும்பம். எங்கள் கோயிலுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். அவர் மனைவிக்குக் கழுத்தில் கட்டி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஊசி குத்திப் பரிசோதித்திருக்கிறார்கள். முடிவைப் பார்த்த மருத்துவர், வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி நாள் கொடுத்திருக்கிறார். நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். தவறினால் அடுத்த தேதி பொங்கலுக்குப் பிறகுதான்.

இதில் நான் செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாராவது மருத்துவரிடம் சொல்லச் சொல்லப் போகிறார் என்று ஒரு மறுப்பைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

"போன ஞாயித்துக்கெழம நம்ம கோயில் பொட்டியில மனுப் போட்டேன் அய்யா" என்றார். "பக்கத்து வீட்டுல சொன்னாக, அங்குட்டுப் போட்டா கேக்கும்னு."

நல்லது என்றேன்.

"இணைப்பெல்லாம் வச்சுத்தான் போட்டேன்."

"என்ன இணைப்பு?"

"ஊசி குத்திப் பாத்த ரிப்போட்டு, ஸ்கேன் பாத்த கடுதாசி, காப்பீட்டு அட்ட, அட்மிசன் சீட்டு. நாலும் அசலு. ஸ்கேன் பிலிம் மட்டும் அந்த ஓட்டைக்குள்ள நொழையல. அது வீட்டுல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை. "ஏன்யா, சாமிக்கு எதுக்குய்யா அசல்? நகல் எடுத்து வச்சா ஆகாதா?"

அவர் சிரிக்கவில்லை. "போடும்போது நகல்தான் கையில வச்சிருந்தேன். மேல நோட்டீசப் படிச்சேன், உரிய விவரத்தோடன்னு போட்டிருந்துச்சு. கீழ பாத்தா அய்யா கையெழுத்து. அப்புறம் நகல வச்சா ஆகுமா?"

குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்; பதில் கொடுத்திருப்பேன். அவர் ஒரு விதியைச் சொல்வதுபோலச் சொன்னார். சாயங்காலம் பஸ் இல்லை என்பதைச் சொல்வதைப்போல.

அவருக்கு அந்த விதியைக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது நான் துணை வட்டாட்சியர். அவருடைய அம்மாவின் வைத்தியத்துக்கு வருமானச் சான்று கேட்டு மனுக் கொடுத்தார். குடும்ப அட்டை நகல் வைத்திருந்தார். அசல் எங்கே என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை அட்டை அசல் இருந்தது, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை நகலாக இருந்தது. திருப்பினேன். எங்கள் துறையிலேயே வேலை பார்க்கிறவர் என்பதற்காகச் சலுகை காட்டவில்லை என்று அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர். மூன்றாம் முறை எல்லாவற்றையும் அசலாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இனிமேல் சான்று தேவையில்லை, அம்மா போய்விட்டது, மனுவை முடித்து வைக்க வேண்டுமே என்றுதான் கொண்டுவந்தேன் என்றார். நான் முடித்து வைத்தேன். அந்தச் சான்று கிடைத்திருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சான்று இல்லாமல் போனார் என்பது மட்டும் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அதை மறக்கவே இல்லை.

அவர் என் வாசலுக்கு வந்த அன்று காலைதான் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, வரும்போது எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று நினைவூட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்திருக்கிறது.

"அங்குட்டும் அசல் கேக்குறாக, இங்குட்டும் அசல் வேணும்" என்றார். "அய்யாகிட்ட ஒண்ணு கேக்கணும். குடுத்த அசல சாமிகிட்டத் திருப்பிக் கேட்டா, மனுவ வாபஸ் வாங்குனதா ஆயிருமா?"

விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ தியானங்களில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிரசங்கியும் கேட்டதில்லை. நாங்கள் ஞாயிறுதோறும் கேட்கிறோம், கேட்டது என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இவர் கட்டியைப் பற்றிய காகிதத்தைக் கொடுத்தவுடன் கட்டி விசாரணையில் இருக்கிறது என்று நம்பினார். நடுவில் காகிதத்தை உருவினால் விசாரணை நின்றுவிடுமோ என்பதுதான் அவர் பயம்.

பதில் தெரியாததால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மாற்று வழியைக் கணக்கிட்டேன். பரிசோதனை முடிவின் மறுபிரதிக்கு மதுரையில் பதிவறைக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காப்பீட்டு அட்டைக்குச் சிவகங்கை போக வேண்டும். சேர்க்கைச் சீட்டில் முத்திரையிட்ட மருத்துவர் பணியில் இருக்க வேண்டும். நடுவில் விடுமுறை. எப்படிச் சுருக்கினாலும் எட்டு வேலை நாள். இருந்தது ஒன்றரை நாள்.

பெட்டி ஒன்றுதான் வழி. பெட்டியின்மேல் என் விதி.

பங்குத்தந்தையைத் தொலைபேசியில் பிடித்தேன். இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போயிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, திறந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் சொன்னார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. பேரவை இயற்றிய விதியைப் பேரவைதான் தளர்த்த முடியும், அவசரக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஏழு பேரில் நான்கு பேராவது வர வேண்டும், ஒருவர் மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூரில் இருக்கிறார் என்று விளக்கினேன். பிறகு, அப்படியானால் நான் என்ன செய்யட்டும் என்று அவர் என்னிடம் கேட்டார். பங்குத்தந்தை அவர். அவரையும் நான் மனுதாரராக்கிவிட்டிருந்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். கேட்டருகே நின்றவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஆமாங்கய்யா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல. அய்யா என்ன செய்வீக, பாவம்."

அவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். நாற்பது வயதில் இதைக் கேட்டிருந்தால் பெருமையாக எடுத்துக்கொண்டிருப்பேன்.

இதற்குள் என் மனைவி வெளியே வந்துவிட்டாள். அவள் தடுப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அதை விரும்பவும் செய்தேன். அவளுடைய ஜெபக்குழு அந்தப் பெட்டிக்காக ஒருசந்தி நோன்பு இருந்துகொண்டிருந்தது. முத்திரை உடையாமல் கிறிஸ்துமஸ் வரை இருக்கும் என்று வீடுவீடாகப் போய் வாக்குக் கொடுத்தவள் அவள். அவள் மறுத்தால் மறுப்பு என்னுடையது ஆகாது. அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பைப் பக்கத்து மேசைக்கு நகர்த்துவது.

அவள் கேட்டைத் திறந்தாள். "உள்ள வாங்கண்ணே, வந்து உக்காருங்க, காப்பி போட்டுருக்கேன்" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னிடம், குரலைக்கூட உயர்த்தாமல், "சாவி பீரோவுல நடுத் தட்டுல இருக்கு. நீங்க எடுக்கிறீகளா, நான் எடுக்கவா? ஒருக்கா அசல் கேட்டு வாங்குன பேரு போதும்" என்றாள்.

சாவியை நான் எடுத்தேன். பக்கத்தில் பேனா வைக்கிற டப்பா இருந்தது. மூடியபின் மறுபடி கையெழுத்திட வேண்டுமே என்று அதிலிருந்து ஒரு பேனாவையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கோயிலில் நாங்கள் மூன்று பேர். குடிலில் சீரியல் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன. அவர் செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்து, குடிலைப் பார்த்துக் கும்பிட்டார். நேராகக் குழந்தையைப் பார்த்து அல்ல. கொஞ்சம் மேலே, நட்சத்திரத்தைப் பார்த்து.

"உள்ள ஆத்தா இருக்காக" என்றார் மெதுவாக. "முழங்கை தெரியுதுல்ல. அதுக்குத்தான் தைரியமாப் போட்டேன்."

பேரவை கூடி, விவாதித்து, தீர்மானம் போட்டு ஒட்டிய நட்சத்திரம். இதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும் என்று நினைத்தேன், இன்றுவரை எழுதவில்லை.

அரக்கை உடைத்தேன். காகிதத்தில் என் கையெழுத்து சரியாக நடுவில் கிழிந்தது. பெட்டியைப் பெஞ்சுமேல் கவிழ்த்தபோது இத்தனை காகிதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பள்ளி நோட்டுத் தாள்கள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மருந்துச் சீட்டின் ஓரம். படிக்கக் கூடாது என்பது விதி, ஆனால் மடிக்காமல் போட்டவற்றின் தலைப்பு கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆரம்பித்திருந்தன. பெறுநர் என்ற இடத்தில் ஒருவர் 'உயர்திரு இயேசு சாமி அவர்கள், காரைக்குடி' என்று எழுதியிருந்தார். ஒன்றில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் குத்தியிருந்தது. ஒன்றில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருந்தது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அங்கே நின்றபோது சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனிடம் ஒன்றைக் கேட்பதற்கு இந்த மக்களுக்குத் தெரிந்த மொழி இதுதான், அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பொருள் எங்கே, பார்வை எங்கே, இணைப்பு எங்கே என்று மூன்று தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். அன்பே உருவானவர் என்று யாரைச் சொல்கிறார்களோ அவரிடம் போகும்போதும் 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று முடிக்கிறார்கள். அவர் தொட்டுக் குணமாக்கினார் என்றுதான் நான் படித்திருக்கிறேன். யாரிடமும் குடும்ப அட்டை கேட்டதாகப் படித்ததில்லை.

அவருடைய பிளாஸ்டிக் உறை அடியில் இருந்தது. நான்கு காகிதமும் பத்திரமாக இருந்தன. அசலைக் கையில் கொடுத்ததும் அவர் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. வெறும் மனுவை மட்டும் திரும்ப உள்ளே போடுவதற்கு அவருக்கு மனமில்லை. இணைப்பு இல்லாத மனு என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. வேதத்தில் அல்ல, நடைமுறையில். கோப்பில் வைத்த அசல் ஆவணத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. சான்றொப்பமிட்ட நகலை அந்த இடத்தில் வைத்துவிட்டு அசலை வாங்கிக்கொள்ளலாம். மனு செத்துப்போகாது, அதே எண்ணில் நிலுவையில் இருக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் இதை எத்தனை பேருக்கு நானாக முன்வந்து சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். ஒருவருக்கும் சொன்னதாக நினைவில்லை. கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் சொல்லாமல் இருப்பது. அதுவும் நடைமுறைதான்.

இதை அவரிடம் சொன்னேன். நகல் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். வந்த மொபெட்டிலேயே பறந்தார்.

அவர் வரும்வரை பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காகிதங்களைத் திரும்ப அடுக்கினேன். எட்டாக மடித்த காலண்டர் தாள் கையில் வந்தது.

"படிங்களேன்" என்றாள். "ஊரு மனுவெல்லாம் படிச்சீகள்ல."

விதியில் இடமில்லை என்றேன்.

"விதி ஒடஞ்சு அரமணி நேரமாச்சு."

பிறர் மனுவைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். மடிப்பைப் பிரிக்கவில்லை, மற்ற காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததில் சரியாகத் தெரியவில்லை.

அவர் நகலோடு வந்தார். நீட்டிக்கொண்டே, "இது செல்லுமாங்கய்யா?" என்று கேட்டார்.

சட்டைப்பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தொடாத பேனா. நாலைந்து முறை உதறிய பிறகுதான் எழுதியது. நான்கு நகலையும் அசலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'அசலுடன் ஒப்பிடப்பட்டது. உண்மை நகல்' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கீழே 'வட்டாட்சியர்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று சேர்த்தேன். ஓய்வு பெற்றவனுக்குச் சான்றொப்பமிட அதிகாரம் கிடையாது. பணியில் இருந்தபோது இப்படி ஒரு கையெழுத்து என் மேசைக்கு வந்திருந்தால் அந்த ஆளை நேரில் வரவழைத்திருப்பேன். அவருக்கும் அது தெரியும், வருவாய்த் துறைக்காரர்தானே. ஆனால் பச்சை மையைப் பார்த்தவுடன் அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கின. காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கீழே வைத்தவர் மாதிரி இருந்தது.

மனுவோடு நகலைக் கோத்து உள்ளே போட்டார். பூட்டினேன். புதிய காகிதம் ஒட்டி, அவசரம் காரணமாகத் திறந்து மூடப்பட்டது என்று நேரத்தோடு எழுதி, அதிலும் பச்சையிலேயே கையெழுத்திட்டேன். ஜனவரிக் கூட்டத்தில் இதற்கு விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியது செயலாளர். ஆகவே எனக்கு நானே கடிதம் எழுதி, எனக்கு நானே பதில் எழுதி, பதில் திருப்தியாக இல்லை என்று குறிப்பெழுதி வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் காலை வழக்கம்போல இருந்தது. பஞ்சு கொஞ்சம் கறுத்திருந்தது. சிவப்பு உடுப்புக்காரர் மயக்கம் வருகிறது என்று தாடியைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். பங்குத்தந்தை மறுபடியும் குணமாவதைப் பற்றிப் பேசினார், மறுபடியும் காலவரையறை சொல்லவில்லை. பூசை முடிந்ததும் பெரிய மண்சட்டியில் காகிதங்களைக் கொட்டிக் கற்பூரம் வைத்தோம். நன்றாகப் பற்றியது. அந்தப் பாஸ்போர்ட் புகைப்படம் சுருண்டு நாற்றமடித்தது. பெண்கள் பாடினார்கள். எல்லோரும் அண்ணாந்து புகையைப் பார்த்தார்கள்; நானும் பார்த்தேன், எல்லோரும் பார்க்கும்போது பார்க்காமல் நிற்பது அநாகரிகம் என்பதால்.

தொலைபேசி அடித்தது. அவர்தான். பின்னால் மருத்துவமனை வராந்தாவின் சத்தம்.

நேற்று முடிந்துவிட்டது என்றார். கட்டி முழுவதையும் எடுத்துவிட்டார்கள், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர நாளாகும். குரல் போய்விடுமோ என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். இன்று காலையில் பேசிவிட்டாளாம்.

"வாயத் தொறந்ததும் என்னயத்தான் வஞ்சா. ராத்திரியெல்லாம் சாப்புடாமக் கெடந்திருக்கியேன்னு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே நின்று கேட்பாரே அதே குரலில் கேட்டார். "அய்யா, அங்குட்டு நகலப் பாத்துட்டு ஆட்சேபணை ஏதும் சொன்னாகளா?"

சட்டியில் சாம்பல்தான் இருந்தது. என் மனைவி ஒரு குச்சியால் அதைக் கிளறி, எரியாமல் எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல போயிருச்சுய்யா" என்றேன். "இதுவரைக்கும் ஆட்சேபணை இல்ல."